பதில்: டைட்டானிக் மூன்றாம் வகுப்பில் இரவுச் சாப்பாட்டுக் காட்சி
வணக்கம். டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்புக் குடும்பம் ஒன்று 1912 ஏப்ரல் 14 இரவில் மாட்டிறைச்சி ரோஸ்ட்டும் பிளம் புட்டிங்கும் உண்பதாக நாடகத்தில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் காட்சியைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள். அந்நாளின் உணவுப் பட்டியல் அழியாமல் கிடைத்திருக்கிறது. அதன்படி அரிசி சூப், ரோஸ்ட், இனிப்பு மக்காச்சோளம், அவித்த உருளைக்கிழங்கு, புட்டிங், பழம் ஆகியவை நண்பகலில் பரிமாறப்பட்டவை. மாலையில் ஆறிய இறைச்சித் துண்டுகள், பாலாடைக்கட்டி, ஊறுகாய், வெண்ணெயுடன் ரொட்டி, சோற்றோடு வேகவைத்த அத்திப்பழம், தேநீர். இரவில் கஞ்சியும் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் மட்டுமே.

ஆனால் இதை வறுமையாகக் காட்டிவிடாதீர்கள் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். முற்காலப் பாய்மரக் கப்பல்களில் ஏழைப் பயணிகள் தாமே சமைத்துண்ண வேண்டியிருந்தது. இங்கோ, ஏறத்தாழ 470 பேர் ஒன்றாக அமரக்கூடிய, எஃப் தளத்துக் கூடத்தில், புதிதாகச் சுட்ட ரொட்டியைப் பணியாளர்கள் மேசைக்கே கொண்டுவந்தனர். உணவிலோ மரியாதையிலோ குறையிருந்தால் உடனே தலைமைப் பணியாளரிடம் தெரிவிக்கலாம் என்றும், அடையாளத்துக்காக ஒவ்வொரு பணியாளரும் கையில் எண் பொறித்த வில்லை அணிந்திருப்பார் என்றும் அந்தப் பட்டியலிலேயே அச்சிட்டிருந்தார்கள். உங்கள் நாடகத்தின் தந்தை அந்த வரிகளைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாக எழுதினால், காட்சி உண்மைக்கு மிக நெருக்கமாக அமையும்.