பின்வரிசையிலிருந்து வரும் பதில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பணிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் பின்வரிசை மாணவன் ஒருவனை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். "நீங்களே வாசிங்க டீச்சர், அதுக்குத்தான சம்பளம் வாங்குறீங்க" என்றான். வகுப்பே சிரித்தது. வெளியே நிற்க வைத்தேன். சன்னல் வழியே சைகை காட்டி மீதிப் பாடவேளையையும் கெடுத்தான். அடிக்கக்கூடாது என்று சட்டம் நம் கையைக் கட்டியிருக்கிறது. கண்டுகொள்ளாதே என்கிறார்கள் மூத்தவர்கள். மரியாதையே இல்லாத இடத்தில் எப்படிப் பாடம் நடத்துவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுள்ளார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து சிரிக்கும்போது கரும்பலகை அருகே நிற்பவருக்கு உடம்பு எப்படிக் கூசும் என்பது எனக்குத் தெரியும். எழுத வருவதற்கு முன் நானும் பதினோரு ஆண்டுகள் நடுநிலைப்பள்ளியில் தமிழ் நடத்தியவன். அன்றைய வழக்கப்படி பிரம்பும் வைத்திருந்தேன். அதனால் அடங்கிய பிள்ளைகளை நினைவிருக்கிறது. அதனால் படித்த பிள்ளை என்று ஒருவரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. ஆசிரியர் அறையில் முதல் பாதியைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, "உங்கப்பன மாதிரிதான இருப்ப" என்று வாயால் அடிப்பதும் அதே பிரிவுக்குள்தான் வருகிறது. பின்வரிசையில் வளரும் பகையில் பெரும்பங்கு அந்த இரண்டாவது அடியால் வந்தது என்பது என் அனுபவம்.

இனி அந்த மாணவன். அவன் உங்களைப் பார்த்துப் பேசியதாகத் தோன்றினாலும், அந்தச் சொல் வகுப்பைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆசிரியரின் மதிப்பைவிடத் தோழர்களின் சிரிப்பு பெரிதாக இருக்கும். அங்கேயே நின்று பதிலுக்குப் பதில் பேசினால் அவன் பின்வாங்க வழியே இருக்காது. வெளியே அனுப்பியபோதும் சன்னல் என்ற மேடை அவனுக்குக் கிடைத்துவிட்டது. "இதைப் பிறகு நாம் இருவரும் பேசுவோம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை வாசிக்கச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அன்றே பேசியாகவும் வேண்டும். கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் தள்ளிவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "வாசிக்கச் சொன்னேன்" என்ற சொல்தான். என் எட்டாம் வகுப்பில் ஒருவன் இருந்தான். வாசிக்கச் சொன்னாலே பக்கத்துப் பையனைக் கிள்ளுவான், புத்தகம் கொண்டுவரவில்லை என்பான், ஒருமுறை என்னையே எதிர்த்துப் பேசினான்; அடித்தேன். பிறகு ஒருநாள் மதிய உணவு வேளையில் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னபோது, அவன் விரல் வரியின் மேல் ஓடியது, வாயும் சரளமாகச் சொன்னது, ஆனால் விரல் இருந்த வரி வேறு, வாயில் வந்த வரி வேறு. வகுப்பில் மற்றவர்கள் வாசித்ததைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருந்தான். கொம்பு, கால் சேர்ந்த எழுத்து வந்தால் அவனுக்கு நின்றுவிடும். வாசிக்கத் தெரியாதவன் என்று நாற்பது பேர் முன்னால் தெரியவருவதைவிட, அடங்காதவன் என்று பெயர் எடுப்பது அவனுக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது. நான் அடித்தது அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற அவன் பட்ட பாட்டுக்காக. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மாணவனும் அப்படித்தான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்துவிடாதீர்கள். அதன் அட்டையை அவன் நன்றாக அறிவான். உங்கள் அறிவியல் புத்தகத்தில் படங்களுக்குக் கீழே உள்ள ஓரிரு வரிகள் போதும்.

பசியையும் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் வகுக்கப்பட்டது. நடுநிலைப்பள்ளியில் தம்பி சாப்பிட, ஏழாம் வகுப்பு அண்ணன் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகும் வீடுகள் உண்டு. மதியத்துக்கு முந்தைய பாடவேளையில் மட்டும் தகராறு செய்கிறான் என்றால் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

"அப்பா அம்மாவைக் கூட்டி வா" என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கூலிக்குப் போகும் தாய்க்கு அது ஒருநாள் சம்பளம். அந்த இழப்பு அன்று மாலை பையனின் முதுகில்தான் இறங்கும். மிரட்டல், பிற பிள்ளைகளைத் துன்புறுத்துதல் என்று போனால் மட்டும் தாமதிக்காமல் தலைமை ஆசிரியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சம்பளத்தைப் பற்றி அவன் சொன்னது தவறு. அது உங்களுக்கு வலித்தது என்பதைத் தனியாகப் பேசும்போது அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதன்பின் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். அவன் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.