கணப்புச் சட்டியும் காலைத் தலைவலியும்

இன்று இரவிலிருந்தே கணப்புச் சட்டியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். குன்னூர் அருகே உள்ள உங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டுக் கரியோடு தூங்குவதாகவும், காலையில் எல்லோருக்கும் தலை கனப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பனியால் வருவதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுதான்.

புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனலும் கரிதான் பாதுகாப்பானது என்று நம் மலையில் பலர் நம்புகிறார்கள். ஆனால் அதிலிருந்தும் அந்த வாயு வரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்தாலும் அது அடங்காது.

ஒன்றைக் கவனியுங்கள். வெளியே வந்த பிறகு தலைவலி மெல்லக் குறைகிறதா? கரி வைக்காத இரவுக்குப் பிறகு வராமலே இருக்கிறதா? அப்படியென்றால் காரணம் பெரும்பாலும் அந்த வாயுதான்.

சரி, குளிருக்கு என்ன செய்வது? தகரக் கூரை என்கிறீர்கள். சுவரும் தகரமும் சேரும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை எங்கே சட்டென்று வளைகிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது. அதைப் பழைய துணியால் அடைத்து, கதவின் அடியில் சாக்கைச் சுருட்டிப் போடுங்கள். போர்வையை மேலே போர்த்துவதோடு மெத்தைக்கு அடியிலும் ஒரு கம்பளி விரித்தால் உதவும். தரையின் சில்லிப்பு அப்படி. அப்புறம், கால்மாட்டில் ஒரு சுடுதண்ணீர்ப் பை.

ஆனால் இடுக்குகளை அடைத்த அறையில் எந்த நெருப்பும் கூடாது, ஐந்து நிமிடம்கூட. யாருக்காவது வாந்தி, மயக்கம் வந்தாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ உடனே வெளியே தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால், தலைவலி போய்விட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.