பிளஸ் டூ பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? – கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. எனக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதினார். ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து, கவுன்சிலிங்கில் இன்ஜினீயரிங் சேர்ந்து, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறேன்.

கூடப் படித்தவர்கள் ஐந்து பேர் சேர்ந்து போன ஜனவரியில் எங்கள் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். ‘தலைமைப் பண்பு, வேலைவாய்ப்பு, உயர்கல்வி’ என்று பேனர் அடித்து, மதுரையிலிருந்து தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டிவந்தோம். பிள்ளைகள் கைதட்டினார்கள், சிலர் அழவும் செய்தார்கள். கடைசியில் எங்கள் போன் நம்பர்களைப் போர்டில் எழுதிப்போட்டோம். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

ஜூலையில் ஊருக்குப் போனபோது, அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பெண் ஒருத்தி காலையில் மில் வேனுக்கு நிற்பதைப் பார்த்தேன். நல்ல மார்க் எடுத்தவள். ஏன் காலேஜில் சேரவில்லை என்று கேட்டதற்கு, “சர்ட்டிபிகேட் வரல அண்ணே, டேட் முடிஞ்சுபோச்சு” என்றாள்.

இந்த வருடம் இன்னும் பெரிய பேச்சாளராகக் கூப்பிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. வேறு என்னதான் செய்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பெரிய பேச்சாளர் வேண்டாம், சின்னப் பேச்சாளரும் வேண்டாம். மேடை வேலையை அரசே செய்துகொண்டிருக்கிறது. 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. அதன் கீழ் ‘கல்லூரிக் கனவு’ என்று மாவட்டந்தோறும் கூட்டம் போட்டு, என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று சொல்கிறார்கள், கையேடும் கொடுக்கிறார்கள். நீங்கள் ஐந்து பேர் கைக்காசு போட்டு அதையே இன்னொரு தடவை செய்ய வேண்டியதில்லை. தவிரவும், தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடை ஏறிய பிறகு என்ன பேசுவார்கள் என்பது அழைத்தவர் கையில் இல்லை. 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒருவர் முற்பிறவிப் பாவத்தைப் பற்றிப் பேசியதையும், பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அதைத் தட்டிக்கேட்டதையும் மாநிலமே பார்த்தது.

போர்டில் எழுதிய நம்பருக்கு யாரும் கூப்பிடாததில் எனக்கு ஆச்சரியமில்லை. பதினேழு வயதுப் பெண், அண்ணன் கையில் இருக்கும் போனை வாங்கி, ஒரே ஒருநாள் பார்த்த ஆண்பிள்ளைக்கு எப்படிப் பேசுவாள்? பேசினாலும் என்ன கேட்பாள்? “முதல் பட்டதாரிச் சான்று விஏஓகிட்ட நிக்குது, என்ன செய்யணும்?” என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நம் உதவி பாதிதான் தேவை.

சர்ட்டிபிகேட் வரவில்லை என்று அவள் சொன்னதைச் சாக்கு என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். மே மாதம் ரிசல்ட் வருகிறது. கல்லூரி திறக்க ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதம் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் சொந்தமில்லை, கல்லூரிக்கும் சொந்தமில்லை. விசாரிக்க ஆளில்லாத அந்த இடைவெளியில்தான் நல்ல மார்க் எடுத்தவர்களும் நழுவுகிறார்கள். மில் வேன்காரர் மட்டும் சரியாக வந்துவிடுகிறார். அட்வான்ஸ் கொடுக்கிறார், வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்கிறார், எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை.

கல்லூரிக்குத் தேவைப்படும் காகிதங்களை எண்ணிப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று ஏறிப்போகும். ஊரே மே, ஜூனில் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதால் அப்போது எல்லாம் தேங்கும். முதல் பட்டதாரிச் சலுகையைக் குடும்பத்தில் ஒரு பிள்ளைதான் வாங்க முடியும் என்பது தெரியாமல், அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருக்க, தங்கைக்கும் எழுதிப்போட்டுக் கடைசி நேரத்தில் திகைத்து நிற்பவர்கள் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகத்துக்கோ என்ஐடிக்கோ போடும் பிசி, எம்பிசி பிள்ளைக்கு நம்மூர் சாதிச் சான்று மட்டும் போதாது. மத்திய அரசு வடிவத்தில், அந்த வருடத்துக்கான ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். நம்மவர்களுக்கு இனிஷியல் தரும் தொல்லையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும், இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021இலும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கவுன்சிலிங்கில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. நடுவில் இரண்டு வருடம் பக்கத்து உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது கிடையாது. இதை ஆறாம் வகுப்பிலேயே பெற்றோரிடம் சொல்ல ஆள் வேண்டும், பிளஸ் டூ முடித்த பிறகு சொல்லி என்ன பயன்?

கவுன்சிலிங் உங்களுக்குத் தெரிந்த விஷயம், நீங்களே அதில் வந்தவர். ஆனால் இப்போது எல்லாம் ஆன்லைன். பிரௌசிங் சென்டரில் கூட்டம் நெரிக்க, சென்டர்காரர் விருப்பப் பட்டியலில் தனக்குத் தெரிந்த கல்லூரிகளாக நிரப்பிவிடுகிறார். அவருக்கு எந்தக் கல்லூரி என்ன தருகிறது என்பது வேறு கதை. பிள்ளைகளும் ‘கிடைக்குமோ கிடைக்காதோ’ என்று பயந்து சுமாரான கல்லூரியை மேலே போட்டு, ஆசைப்பட்டதைக் கீழே போடுகிறார்கள். தரவரிசை வந்ததும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுத்துவிடும். ஆசைப்பட்டதை முதலில் போடுவதால் கீழே உள்ளது எதுவும் பறிபோகாது. இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்க ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரம் ஆகும். முந்நூறு பேரை உட்காரவைத்து மைக்கில் சொன்னால் யாருக்கும் ஏறாது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் ஐந்து பேர், ஆளுக்கு நாலு பிள்ளைகள். அதற்கு மேல் வேண்டாம். பத்தாம் வகுப்பில் பிடியுங்கள், கல்லூரி முதல் வருடம் முடிகிறவரை விடாதீர்கள். பத்தாம் வகுப்பு ஏனென்றால், பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதிலேயே பாதிக் கதவுகள் மூடிவிடுகின்றன. மார்க் குறைந்ததால் ஏதோ ஒரு குரூப்பில் உட்காரவைக்கப்பட்ட பையன், கணக்கு இல்லாமல் பெரும்பாலும் இன்ஜினீயரிங் கிடைக்காது என்பதை இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறான்.

மூன்று நாலு வருடம் முடியாது என்று தோன்றினால் தொடங்கவே வேண்டாம். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். அமெரிக்காவில் இப்படிப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று துணை சேர்த்துவிடும் பழைய அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த பிள்ளைகளின் விவரங்களை வைத்து கிராஸ்மேன், ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உறவு ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். வெகு சீக்கிரம் அறுந்துபோனவர்கள் சில விஷயங்களில் முன்பிருந்ததைவிடக் கீழே போயிருந்தார்கள். வந்துவிட்டுக் காணாமல்போகும் பெரியவர்களை ஏற்கெனவே நிறையப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். நம்மூர்ப் பிள்ளைகளும் பார்த்தவர்கள்தான்.

வேலைவாய்ப்பு என்றதும் ஐடியைப் பற்றிப் பேசாதீர்கள். உங்களைப் பார்த்தாலே அதுதான் ஞாபகம் வரும், நீங்கள் வேறு சொல்ல வேண்டாம். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலைகள் போலீஸ், டீச்சர், நர்ஸ், இன்ஜினீயர், அப்புறம் ‘கவர்மெண்ட்’. சிவகாசியில் அச்சாபீஸ் சத்தத்திலேயே வளர்ந்த பையனுக்கு, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே அச்சுத் தொழில்நுட்பம் ஒரு இன்ஜினீயரிங் படிப்பாக இருக்கிறது என்று தெரியாது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பி.டெக். உண்டு, அதற்கும் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங் வழியாகத்தான் இடம். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். பேச்சாளருக்கு ஒதுக்கிய பணத்தில் பிள்ளைகளை அங்கேயோ மதுரையில் ஏதாவது ஒரு கல்லூரிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். நூலகத்தையும் ஹாஸ்டல் மெஸ்ஸையும் பார்க்கட்டும், அங்கே படிக்கும் நம்மூர்ப் பேச்சுப் பேசும் ஒரு அக்காவோடு சாப்பிடட்டும். வீட்டில் பேசும் தைரியம் அதில்தான் வரும்.

தலைமைப் பண்பு பற்றி. பேனரில் அதை முதலில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தத் தலைப்பின் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் யார் பின்னால் யார் நிற்பது என்பதைக் கையில் கட்டும் சாதிக் கயிற்றின் கலரே தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. உங்களிடம் ஒரு கேள்வி, வெளிப்படையாகவே கேட்கிறேன். நீங்கள் ஐந்து பேரும் ஒரே தெருவா? அப்படியென்றால் ஆறாவதாக, ஏழாவதாக மற்ற தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு நல்லது செய்தாலும் ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள். பிள்ளைகளைப் பிரிக்கும்போதும் தெருவைக் கலந்து பிரியுங்கள். இந்த வருடம் இ-சேவை மையத்தில் அலைந்து சான்று வாங்கிய பெண், அடுத்த வருடம் இரண்டு பிள்ளைகளை, அதுவும் வேறு தெருப் பிள்ளைகளை, அங்கே கூட்டிப்போய் வேலையை முடித்துக்கொடுக்கட்டும். தலைமை என்று நான் புரிந்துகொள்வது அவ்வளவுதான்.

சில நடைமுறைகளையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லிவிடுங்கள். சந்திப்பு பள்ளி வராந்தாவிலோ ஊர் நூலகத்திலோ, நாலு பேர் கண்ணில் படும் இடத்தில். பெண்பிள்ளைகளோடு பேச உங்கள் குழுவில் பெண்கள் இருந்தே ஆக வேண்டும். உங்கள் வகுப்புத் தோழிகள் யாரும் இல்லையா என்ன? கல்யாணமாகி உள்ளூரிலேயே இருப்பவர்களிடம் கேளுங்கள், பெங்களூர்க்காரர்களைவிட அவர்களால்தான் அதிகம் முடியும். பிள்ளைகளின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். கையில் பணம் கொடுக்காதீர்கள், கட்ட வேண்டியதிருந்தால் கல்லூரிக்கு நேராகக் கட்டுங்கள்.

மில் வேனுக்கு நின்ற பெண்ணுக்கு ஒன்றும் முடிந்துவிடவில்லை. படிப்பை விட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க ‘உயர்வுக்குப் படி’ என்று அரசு முகாம் நடத்துகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் காலி இடம் இருந்தால் பின்னாலும் சேர்ப்பார்கள். இந்த வருடம் முடியாவிட்டாலும் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம், சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டத்துக்கு அவளுக்குத் தகுதி உண்டா என்பதைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளலாம். அவளிடம் பேசுவதற்கு முன் அவள் அம்மாவிடம் பேசுங்கள். வீட்டில் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டைதான் வரும்.

கடைசியாக, சேர்த்துவிட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் இங்கிலீஷில் நடத்தும் கணக்கைக் கேட்டு மிரண்டுபோகும். ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கூட இருப்பவர்களின் உடுப்பும் போனும் உறுத்தும். முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் இரண்டு அரியர் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. உங்கள் ஐந்து பேரில் யாராவது ஒருவர் லீவு போட வேண்டுமென்றால் அந்த வாரத்தில் போடுங்கள். ஜனவரி நிகழ்ச்சிக்குப் போட வேண்டாம்.

அன்புடன்.