பழைய ஜோக்குக்கு ஏன் இன்னும் சிரிப்பு வருகிறது?

கேள்வி: அப்பா சொல்லும் அதே ஜோக்கை நாற்பதாவது தடவை கேட்டாலும் சிரிப்பு வருகிறதே, எப்படி?

பதில்: ஜோக்கு மட்டுமா, சொல்பவரின் முகமும் சேர்ந்துதானே சிரிக்க வைக்கிறது! முடிவு வருவதற்குள் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், கண்ணைத் துடைத்துக்கொண்டு “அப்புறம் கேளேன்” என்பார், அதற்குள் நாம் பாதி சிரித்து முடித்திருப்போம். நல்ல ஜோக்கு லேசில் சாகாது. கிரேக்க மொழியில் ‘பிலோகெலோஸ்’ என்று ஏறத்தாழ 265 துணுக்குகள் கொண்ட தொகுப்பு இருக்கிறது, சுமார் 1,500 ஆண்டுப் பழசு. அதில் வாயாடியான முடிதிருத்துபவர் ஒருவர், “எப்படி வெட்டட்டும்?” என்று கேட்கிறார். வந்தவர் சொல்லும் பதில்: “பேசாமல்.” கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாருக்கும் இது உடனே புரியும்.

கேள்வி: நான் சொன்னால் மட்டும் யாரும் சிரிப்பதில்லையே?

பதில்: முடிச்சு கடைசி வார்த்தையில்தான் அவிழ வேண்டும். அதே ஜோக்கில் “பேசாமல் வெட்டுங்கள், எனக்குத் தலைவலி” என்று நீட்டிப் பாருங்கள், போச்சு! சொல்லி முடித்ததும் விளக்கப் போகாதீர்கள், ஒரு நொடி சும்மா இருங்கள். சரி, அப்படியும் சிரிக்கவில்லையா? அடுத்ததைச் சொல்லுங்கள்.