பெரிய ‘ஐ’ போட்ட கோப்பு

அன்புள்ள ஐயா,

தமிழில் எழுதுபவர்கள் தங்களுக்கென்று சின்னதாக ஒரு இணையதளம் வைத்துக்கொள்ள எளிய சேவை ஒன்றைத் தொடங்க இருக்கிறோம், நானும் இரண்டு நண்பர்களும். நியோசிட்டீஸ் மாதிரி, இலவசமாக. டெம்ப்ளேட், லைக், பார்வையாளர் கணக்கு எல்லாம் வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். வெகுநாளாகச் சொந்தத் தளம் நடத்துபவர் நீங்கள். எது அவசியம்?

ஆர்.எஸ்., கோவை

அன்புள்ள ஆர்.எஸ்.,

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் போன மாதம் ஒரு மதியம் முழுக்க, உங்கள் சேவைக்கு வரப்போகிற மாதிரியான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தன் ஊர்க் குளங்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, பேரனைப் பிடித்து எச்டிஎம்எல் கோப்பாகவும் ஆக்கிவைத்திருந்தார். பணம் கட்டி வாங்கிய இடத்தில் அதை ஏற்ற எஃப்டிபி, அதாவது கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் ஒரு முறை, வேண்டுமாம். அதற்கொரு மென்பொருளை இறக்கி, சரியான ஃபோல்டரைத் தேடிப் போட்டோம். பக்கமே இல்லை என்றது. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. தளத்தின் முதல் பக்கத்துக்கு வைக்க வேண்டிய ‘இண்டெக்ஸ்’ என்ற பெயரின் முதல் எழுத்தைப் பெரிய ‘ஐ’யாக அடித்திருந்தார். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவர் வேறெப்படி அடிப்பார்? அவருடைய விண்டோஸுக்கு இரண்டு ‘ஐ’யும் ஒன்றுதான். தளம் இருக்கும் லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு.

திருத்தினோம். பக்கம் வந்தது, தமிழ் வரவில்லை. திரை முழுக்கத் தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’உம். எழுத்துகளைக் கணினியில் குறித்துவைக்க யுடிஎஃப்-8 என்று ஒரு முறை இருக்கிறது. இது அதில்தான் இருக்கிறது என்று கோப்பும் சொல்லவில்லை, சர்வரும் சொல்லவில்லை. அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பிரௌசர் மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்துவிட்டது. “நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்” என்று அவர் எழுந்து காபி போடப் போனார். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை.

இந்த இரண்டையும் உங்கள் கருவி வாய் திறக்காமல் சரிசெய்துகொள்ள வேண்டும். ஃபோல்டரை இழுத்துப் போட்டால் முகவரி வர வேண்டும், அவ்வளவுதான். பக்கம் பாதுகாப்பாகத் திறக்கத் தேவையான எச்டிடிபிஎஸ் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தருகிறது, தானாகவே புதுப்பித்தும் கொள்ளலாம். சான்றிதழ் என்ற சொல்லே அவர் கண்ணில் படக் கூடாது. அப்புறம், செல்போனிலிருந்து ஏற்ற முடிய வேண்டும். எனக்கு எழுதும் பலரிடம் லேப்டாப் கிடையாது.

லைக் வேண்டாம். டெம்ப்ளேட் ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

இலவசம் என்பதில்தான் எனக்குத் தயக்கம். இலவசமாகத் தளம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 1994-ல் தொடங்கியது. 1999-ல் யாகூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் முடிந்தமட்டும் அள்ளிவைத்தது. என் கதையும் அதேதான். வேறொரு இலவச இடத்தில் அறுபது கட்டுரை வைத்திருந்தேன். மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு, நான் திறந்தே பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடி இருபத்திரண்டை மீட்டேன். மற்றவை போனது போனதுதான். அதனால் முதல் நாளே, ‘என் கோப்புகளையெல்லாம் கொடு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள், ஜிப்பாக. அவரே வாங்கிய சொந்த முகவரியை, அதாவது டொமைனை, பொருத்தவும் விடுங்கள். நாளை உங்களை விட்டுப் போனாலும் அவர் முகவரி மாறாது. நீங்கள் சொன்ன நியோசிட்டீஸே 2013-லிருந்து விளம்பரம் இல்லாமல் ஓடுகிறது என்றால், மாதம் 5 டாலர் கட்டும் ஆதரவாளர்கள் இருப்பதால்தான்.

இன்னொன்று, இலவசக் கதவை எல்லோருக்கும் திறந்தால் முதலில் நுழைவது கவிஞர் அல்ல, வங்கிப் பக்கம் மாதிரியே போலிப் பக்கம் போடுகிறவர். புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதியே மூன்று பேரும் ஓய்ந்துபோவீர்கள். 2014-ல் பால் ஃபோர்ட் என்ற எழுத்தாளர், சின்னச் சின்னத் தளங்கள் வைத்துக்கொள்ள டில்டே கிளப் தொடங்கியபோது, ஒரே ஒரு சர்வரில், கேட்டவர்களுக்குக் கணக்கு கொடுத்தார். நீங்களும் தெரிந்த ஐம்பது பேரோடு தொடங்கலாமே. வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை வாங்குங்கள், கூச்சப்படாமல்.

சேவை தயாரானதும் சொல்லுங்கள், முதல் ஆளாக ஆசிரியையை அனுப்புகிறேன். கோப்பின் பழைய பிரதி அவரிடம் அப்படியே இருக்கிறது, பெரிய ‘ஐ’யோடு. மாற்றச் சொல்ல மாட்டேன்.