பிடிமண் எடுப்பதற்கு முன்

வணக்கம் ஐயா,

மலேசியாவில், நிபோங் திபால் பக்கம் உள்ள ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போன ஆண்டு தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். இப்போது தோட்டம் கைமாறிவிட்டது. வாங்கியவர்கள் வீடமைப்புத் திட்டம் தொடங்கப் போகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாற்று நிலம் தருவதாக வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். “அம்மன் அசையமாட்டாள்” என்று பெரியவர்கள் அழுகிறார்கள். “ஒரு செங்கல்லைத் தொட விடமாட்டோம்” என்கிறார்கள் இளைஞர்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். தைரியமும் நம்பிக்கையும் குலையாமல் இவர்களை எப்படி அழைத்துப் போவது?

க., பினாங்கு

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் “வாய்வார்த்தையாக” என்ற சொல்தான். அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் நில அலுவலகத்துக்குப் போங்கள். கோயில் நிற்கும் இடத்துக்கும் தருவதாகச் சொல்லும் இடத்துக்கும் அதிகாரபூர்வமான நிலத் தேடல் செய்து, கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது, அடமானம் ஏதும் உண்டா, நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது என்று எழுத்தில் வாங்குங்கள். “நூறு வருஷமா இங்கதான் இருக்கோம்” என்ற பேச்சு மனத்துக்கு நியாயம். ஆனால் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆம் பிரிவின்படி, எத்தனை காலம் அனுபவித்தாலும் அதனால் மட்டும் பிறர் நிலம் நமக்கு உரிமையாகிவிடாது. அரசாங்க நிலத்துக்கும் 48-ஆம் பிரிவில் இதே நிலைதான். வழக்கறிஞரைப் பாருங்கள், ஆனால் இந்த இரண்டு பிரிவுகளையும் தெரிந்துகொண்டு போய்ப் பாருங்கள். இளைஞர்களையும் கூட்டிப் போங்கள். வழக்கு நிற்குமா நிற்காதா என்பதை அவர்கள் வழக்கறிஞர் வாயால் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பார்கள்.

கெட்ட செய்தியை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பொதுக்கூட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வீடு வீடாகப் போங்கள். முதலில் பூசாரி, பிறகு கரகம் எடுக்கும் குடும்பம், வெள்ளிக்கிழமை பூக்கட்டும் பெண்கள், அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டுகிறவர். கமிட்டி ஆட்களை அதற்குப் பிறகு பார்த்தால் போதும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போய், அவரவர் சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். “மரத்தடி முனியாண்டிய யாரு தூக்குறது?”, “நடக்க முடியாத எனக்கு யாரு வழி?” என்பார்கள். கூட்டத்தில் அந்த நோட்டைத் திறந்து, ஒவ்வொன்றையும் வாசித்துப் பதில் சொல்லுங்கள். பதில் இல்லாத கேள்விக்கு, எந்தத் தேதியில் சொல்வீர்கள் என்று சொல்லுங்கள். அந்தத் தேதி வரும்போது செய்தி இல்லாவிட்டாலும் “இன்னும் கடிதம் வரவில்லை” என்று பலகையில் ஒட்டிவிடுங்கள். வதந்தி நுழைவது நீங்கள் பேசாமலிருக்கும் அந்த நாள்களில்தான்.

கூட்டத்துக்கு முன் உங்கள் கோயில் சங்கத்தின் விதிகளைப் படியுங்கள். உறுப்பினரில் பாதிப் பேர் அல்லது கமிட்டி எண்ணிக்கையின் இரு மடங்கு, எது குறைவோ அது குறைந்தபட்ச வருகை என்றுதான் பல சங்கங்களில் இருக்கும். அது சேராமல் ஒத்திவைத்து நடத்தும் கூட்டத்தில் பெரும்பாலும் விதிகளைத் திருத்த முடியாது. வாக்கெடுப்பு ரகசியமாக இருக்கட்டும். பெரியவர்கள் முன்னால் கை தூக்கத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள். தோற்ற பக்கத்தில் குரல் அதிகம் எழுப்பியவரைக் கட்டடக் குழுவில் போட்டு, காசோலையில் கையொப்பமிடும் பொறுப்பையும் கொடுங்கள். எதிர்த்தவரே கணக்குப் பார்க்கும் கோயிலில் பணத்தைப் பற்றிப் புகார் எழாது.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஒன்று, புதிய கருவறை எழுந்து பூசை தொடங்கும்வரை பழைய கட்டடத்தைத் தொடக்கூடாது. இன்னொன்று, நிலம் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் இதற்கு இடம் தருகிறது. பத்திரங்களில் மூன்று பொறுப்பாளர்கள் கையொப்பமிட, அவர்கள் நியமனத்துக்குச் சங்கப் பதிவாளர் சான்றளிப்பார். “அவசரத்துக்கு இப்போ தலைவர் பேர்ல போட்டுக்குவோம்” என்று யாராவது சொன்னால், உங்கள் பெயராகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். தனிமனிதர் பெயரில் இருக்கும் நிலம், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

இனிப் பெரியவர்களின் அழுகை. இதற்கு நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் மரபில் பாலாலயம் இருக்கிறது. மூலவரின் சக்தியைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்துக்கு வரவழைத்து, அங்கிருந்து அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கோ சிறு விக்கிரகத்துக்கோ மாற்றுகிறோம். கட்டட வேலை நடக்கும் காலம் முழுக்க அம்மன் அந்தச் சிறு கொட்டகையில் இருந்து பூசை ஏற்கிறாள். கும்பாபிஷேகத்தன்று மறுபடியும் கும்பத்தின் வழியாக மூலவருக்குத் திரும்புகிறாள். இதைக் குருக்களையே கூட்டத்தில் விளக்கச் சொல்லுங்கள். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயில் 1873-ல் தோன்றி, 1885-ல் இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு வந்தது என்பதையும் சொல்லுங்கள். இடம் மாறிய அம்மனிடம்தான் நாடே போய்க் கும்பிடுகிறது.

பாலாலயம் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. கட்டடப் பணம் தீர்ந்துபோய், துத்தநாகக் கூரைக்குக் கீழே அம்மன் வருடக்கணக்கில் இருந்துவிடுவாள். முதல் மாதம் கூட்டம் இருக்கும். பிறகு விளக்கேற்றப் பூசாரி ஒருவர்தான் இருப்பார். ஜனங்கள் பக்கத்துக் கோயிலுக்குப் பழகிவிடுவார்கள். அதனால் எண்ணெய், பூ, நைவேத்தியம், பூசாரி சம்பளம் இவற்றுக்கு ஓராண்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு அஸ்திவாரம் தோண்டுங்கள். மாலைப் பூசை ஆறரைக்கு என்றால் கொட்டகையிலும் ஆறரைக்குத்தான். ஒரு நாளும் பிசகக்கூடாது. வெள்ளிக்கிழமை லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து) பெரியவர்களை ஏற்றிவர ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். குறைந்தது கும்பாபிஷேகத்துக்குப் பின் மண்டலாபிஷேகம் முடியும் 48 நாள் வரைக்குமாவது அது ஓடட்டும்.

இளைஞர்களுக்கு, சிலையைப் பீடத்தோடு பொருத்தும் மருந்தான அஷ்டபந்தனத்தை இடிக்கும் வேலையைக் கொடுங்கள். கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருளையும் சேர்த்து உலக்கையால் மாறி மாறி இடிக்க வேண்டும். சரியாக இடிபடாத மருந்து விரிசல் விடும்; அபிஷேக நீர் பீடத்துக்குள் இறங்கும். தோள் வலிக்க இடித்தவன் அந்தக் கோயிலை எளிதில் விடமாட்டான்.

நகைகளை எடுப்பதற்கு முன், இரு தரப்பிலிருந்தும் சாட்சி வைத்து எடைபோட்டு, படமெடுத்து, பட்டியலில் எல்லாரும் கையொப்பமிடுங்கள். பூக்கட்டிப் பார்த்து அம்மனிடம் உத்தரவு கேட்பதென்றால் நாளைக் கேளுங்கள், திசையைக் கேளுங்கள். “போகலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். வேண்டாம் என்று வந்துவிட்டால் சட்டம் ஒரு பக்கமும் அம்மன் மறு பக்கமும் நிற்க, நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். கனவில் அம்மன் சொன்னாள் என்றும் சொல்லாதீர்கள். அடுத்த வாரமே இன்னொருவருக்கு வேறு கனவு வரும்.

முனியாண்டிக்கு வழி பிடிமண். அவர் இருக்கும் இடத்தில் பூசை போட்டு, ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, புதிய பீடத்தின் கீழ் வைப்பது நம் ஊர் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அப்படித்தான் தங்கள் காவல் தெய்வங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த முதல் பிடியை, அசையமாட்டாள் என்று அழுத பாட்டிகளில் மூத்தவர் எடுக்கட்டும். நீங்கள் எடுக்காதீர்கள்.

கோயில் வேப்பமரத்தைத் தூக்கிப் போக முடியாது. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் பைகளில் ஊன்றிவிடுங்கள். நாள் ஆக ஆக விதை முளைக்காது. இருபது பையாவது வையுங்கள், பாதி போய்விடும். லயத்தில் வீட்டுக்கு ஒரு பை கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் புதிய இடத்துக்குப் போகும் நாளில் கன்று இடுப்பளவாவது வளர்ந்திருக்க வேண்டும். மரத்தடியில் இப்போது பழம் கிடக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.