கீசர் போனால் யார் கைப்பணம்? – வாடகை வீட்டுக் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். நாங்கள் வரும்போதே குளியலறையில் ஹவுஸ் ஓனரின் 15 லிட்டர் கீசர் மாட்டியிருந்தது. போன மாதம் அடியில் தண்ணீர் கசிந்தது. இப்போது சுவிட்சைப் போட்டாலே ட்ரிப் ஆகிறது. ‘நீங்கள்தானே பயன்படுத்தினீர்கள், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்’ என்கிறார். சட்டம் யார் பக்கம்?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு உங்கள் பக்கம் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம். அதன் இரண்டாம் அட்டவணை பழுதுகளை இரண்டாகப் பிரிக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, சுவிட்ச், சாக்கெட், பூட்டு, உடைந்த கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. கீசர் பழுதும் பெயர் சொல்லியே இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்த ஓனர் என்றால் இதைத்தான் காட்டுவார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ‘கீசர் 1, ஃபேன் 4, பராமரிப்பு உரிமையாளருடையது’ என்பது போல ஒரு வரி இருந்தால், அது அவர் ஒப்புக்கொண்ட பழுது. அடுத்து, இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்பதைச் சட்டத்தின் 15ஆம் பிரிவே ஏற்கிறது. எனவே கீசரின் வயது முக்கியம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, பழுது எங்கே என்பது. போர் தண்ணீர் வரும் வீடுகளில் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மேல் உப்பு படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் உறை வெடிக்கும்; தண்ணீர் உள்ளே போய் மின்கசிவு ஏற்படும். ட்ரிப் ஆவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எலிமென்ட், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் மூன்றும் மாற்றக்கூடியவை. எலிமென்ட் பொருத்திய தட்டைச் சுற்றி மட்டும் கசிந்தால் கேஸ்கெட் மாற்றினால் போதும். டேங்கே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் பற்றவைத்துப் பயனில்லை, புதிதுதான் வாங்க வேண்டும். டேங்கைத் துருவிலிருந்து காப்பதற்கென்றே உள்ளே ஆனோட் ராடு என்ற உலோகக் கம்பி ஒன்று உண்டு. அது கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும், யாரும் மாற்றுவதில்லை. எலிமென்ட்டைவிட டேங்குக்கு வாரன்டி நீளம் என்பதால், பழைய பில்லை ஓனரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிளக் கருகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் அதை ஓட்டியிருந்தால் கோளாறு வயரிங்கில். அது ஓனர் செலவு. எலக்ட்ரீஷியன் காரணத்தைப் பில்லிலேயே எழுதித் தரட்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் பிறகு நிரூபிக்க முடியாது. அதுவரை, மின்கசிவு வந்தால் தானாக விழும் ட்ரிப்பர் சுவிட்சை மறுபடி மறுபடி தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் ஷாக் அடிக்காமல் காப்பது அதுதான்.

சமரசம் எனில், சின்னப் பழுது உங்களுக்கு, புது கீசர் அவருக்கு என்று பேசுவது நியாயம். அவர் மசியவில்லை என்றால் உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்கி மாட்டுங்கள். பழைய கீசரை அவரிடம் திருப்பிக் கொடுத்ததையும், புதியது உங்களுடையது, காலி செய்யும்போது கழற்றிப் போவீர்கள் என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் கடைசி நாளில் கீசரை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: சுவருக்குள் குழாய் உடைந்து ஈரம் பரவுகிறது. சரிசெய்ய ரூ.18,000 ஆகும் என்கிறார் பிளம்பர். ஓனர் அசையவில்லை. வாடகையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் அதுவே காலி செய்ய வைக்கப் போதும். குழாய் அவர் பட்டியலில் இருப்பதால், அவர் மறுத்தால் நீங்கள் செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வாடகை ரூ.14,000 என்றால் முதல் இரண்டு மாதம் ரூ.7,000, மூன்றாம் மாதம் ரூ.4,000.

வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். போட்டோ, இரண்டு பிளம்பர்களின் மதிப்பீடு, பதில் தர ஒரு தேதி ஆகியவற்றோடு வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். கழித்தது போக மீதியை வங்கிவழியே அனுப்பி, ‘குழாய்ப் பழுது கழிவு போக’ என்று குறிப்பிடுங்கள். பழுதால் வீட்டில் குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுதிக் கேட்டும் செய்யாதபோது 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம்.

கேள்வி: நாலு குடித்தனத்துக்கும் ஒரே மோட்டார். அது எரிந்து ஆறு நாள் ஆகிறது. கீழே இருக்கும் ஓனர் தனக்கு மட்டும் லாரி தண்ணீர் வாங்குகிறார்.
– வாசகி, பல்லாவரம்

பதில்: பொதுவான வசதியின் செலவை யார் ஏற்பது என்று ஒப்பந்தம் சொல்லும். ஆனால் தண்ணீர் அத்தியாவசிய சேவை. அதைத் தடுத்து வைக்க ஓனருக்கு உரிமையில்லை. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். அவர் இடைக்கால உத்தரவு போட முடியும். விசாரணையை ஒரு மாதத்தில் முடிக்க வேண்டும். நாலு வீட்டாரும் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அந்தப் பதிவு எண்ணை மனுவில் எழுதுங்கள்.

கேள்வி: காலி செய்து 40 நாள் ஆகிறது. ‘பெயின்ட் அடிக்க வேண்டும்’ என்று அட்வான்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார்.
– வாசகர், கோவை

பதில்: சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டியதை மட்டும் கழித்துத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பு அவர் பட்டியலில் இருக்கிறது. கணக்கை எழுத்தில் கேளுங்கள்.